பேப்பரில் இல்லாத வரி

அந்தப் பதிப்பகத்தின் இரண்டாவது மாடியில் கடைசி அறைக்குள் யாராவது புதிதாக நுழைந்தால், உள்ளே ஒருத்திக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் ஓர் அம்மாள் உட்கார்ந்து மூச்சு விடாமல் இங்கிலீஷ் வாசித்துக்கொண்டிருப்பாள். வெறுமனே வாசித்தாலும் பரவாயில்லை. நடுநடுவே "கமா" என்பாள், "கேப்பிட்டல்" என்பாள், "ஃபுல்ஸ்டாப்" என்பாள், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு "பாரா" என்பாள். அந்தப் பக்கம் இன்னொருத்தி தலையைத் தூக்காமல், கையில் சிவப்புப் பென்சிலோடு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தாளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பழைய புத்தகம் ஒருத்தி கையில், புதிதாக அச்சுக்குப் போகிற தாள் இன்னொருத்தி கையில். பிழை திருத்துவதில் இது பழைய முறை. ஒரே ஆள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் கண் ஏமாற்றிவிடும், காது ஏமாற்றாது என்பது அந்த அறையின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தப்பு என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

வாசிக்கிறவளுக்கு ஆபீஸ் வைத்த பெயர் ரேடியோ. திருத்துகிறவளுக்குப் பென்சில். இரண்டு பேருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ரேடியோ இரண்டு மூன்று வயது மூத்தவள், அதனால் பென்சிலுக்கு அவள் 'அக்கா'. பென்சில் அவளுக்கு 'அடியே', 'வாடி', 'போடி', அன்றைய மனநிலையைப் பொறுத்து. வேலைக்கு நடுவே பேசினால் வரி தப்பிப்போகும் என்பதால் மேஜைக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தார்கள். பென்சில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் தப்பு, நிறுத்து. இரண்டு தட்டுத் தட்டினால் சரி, மேலே போ. இருபது வருஷத்துக்கு மேல் தட்டித் தட்டி மேஜையின் அந்த மூலையில் வார்னிஷ் போய்விட்டது.

நாள் முழுக்கக் கமாவும் ஃபுல்ஸ்டாப்புமாக வாசித்தால் யாருக்கும் வாய் நமநமக்கும். ரேடியோவுக்குக் கேட்கவே வேண்டாம். பூகோளப் புத்தகத்தில் மலைகளைப் பற்றி வாசித்துக்கொண்டே வருவாள், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், "மேனேஜர் இன்னைக்குத் தொப்பைக்கு மேல சட்டையை இழுத்து இழுத்து விடுறாரு, கமா, அந்த மூணாவது பட்டன் இன்னைக்குத் தாங்காது, ஃபுல்ஸ்டாப்" என்று செருகிவிடுவாள். பென்சில் ஒரு தட்டுத் தட்டி, "பேப்பர்ல இல்ல!" என்பாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பார்கள். அடுத்த அறையில் கணக்கு எழுதுகிறவர்கள் சுவரைத் தட்டுவார்கள். இந்த விளையாட்டு ஒருநாள் இல்லையென்றால் அவர்களுக்கு வேலை செய்த மாதிரியே இருக்காது.

பென்சிலுக்கு வேறு விளையாட்டு கிடையாது. கல்யாணம் அமையவில்லை. அமையவில்லை என்று அவள் சொல்வாள், அவள்தான் ஒவ்வொரு வரனிலும் பிழை கண்டுபிடித்தாள் என்று அண்ணன் சொல்வார். அந்த அண்ணனும் வேறு ஊரில். மாதத்துக்கு ஒருமுறை போன் செய்து, "உடம்பு நல்லாருக்கா? சரி, வச்சிடவா?" என்று ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிடுவார். அவளுக்கு ஓர் அறையும் ஒரு சமையல் மேடையும் கொண்ட வீடு. சனிக்கிழமை மாலை பூட்டைத் திறந்து உள்ளே போனால் திங்கள் காலைவரை அவள் வாயைத் திறக்க ஒரு காரணமும் இருக்காது. சோப்பு உறையில் இருப்பதை, மருந்துச் சீட்டில் இருப்பதைக் கமாவோடு முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர், "பை வேணுமாங்க?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லப் போனபோது குரலே எழும்பவில்லை. துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அன்றைக்கு அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் பதிப்பகத்துக்கு அமெரிக்க ஆர்டர் வந்தது. அதுவரை அவர்கள் போட்ட புத்தகங்கள் எல்லாம் பிரிட்டிஷ் எழுத்துமுறையில் இருந்தன. சமையல், தோட்டம், பூகோளம், குழந்தைகளுக்கான அகராதி, எல்லாமே. இனி அத்தனையையும் அமெரிக்க முறைக்கு மாற்ற வேண்டும். கலர், ஹானர், நெய்பர் எல்லாவற்றிலிருந்தும் ஒரு 'யூ'வைப் பிடுங்க வேண்டும். சென்டரின் வாலைத் திருப்பிப் போட வேண்டும். டிராவலரின் இரட்டை 'எல்'லில் ஒன்றைக் கழற்ற வேண்டும். லிஃப்ட் எலிவேட்டர் ஆக வேண்டும், ஃபிளாட் அபார்ட்மென்ட் ஆக வேண்டும். மாற்றுவதற்கு ஒரு மென்பொருள் வாங்கிவிட்டார்கள். அது நம்பகமானதுதானா என்று தெரிகிறவரை, அது மாற்றித் தரும் தாள்களைப் பழைய புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது இவர்கள் இருவரின் வேலை.

"சின்ன வயசுல இந்த 'யூ'வை விட்டதுக்கு எங்க டீச்சர் முட்டியில ஸ்கேலால அடிச்சாங்க அக்கா," என்றாள் பென்சில். "இப்ப விடலைன்னா மேனேஜர் அடிப்பாரு போலிருக்கு."

"அடி வாங்குறது நம்ம தலையெழுத்து, எந்த ஊரு ஸ்பெல்லிங்கா இருந்தா என்ன?" என்றாள் ரேடியோ.

ஆனால் ரேடியோவுக்கு உள்ளூர ஒரே குஷி. அவளுக்கு ஒரே மகள். புருஷன் போன பிறகு தனியாக வளர்த்துப் படிக்க வைத்த மகள், இப்போது அதே அமெரிக்காவில் குடும்பமாக இருந்தாள். வருகிற கோடையில் ரேடியோ அங்கே போய் ஆறு மாதம் தங்குவதாக ஏற்பாடு. ஆபீஸில் வாட்ச்மேன் முதல் முதலாளிவரை இது தெரியாத ஆள் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் எதிர்க்கடையில் தள்ளுபடி என்று ஓடிப்போய் ஊதா நிறத்தில் ஒரு பெரிய சக்கரப் பெட்டி வாங்கிவந்தாள். பஸ்ஸில் கூட்டமாக இருக்கிறது, நாளைக்கு எடுத்துப் போகிறேன் என்று அதை அறை மூலையிலேயே நிறுத்தி வைத்தாள். நாளை நாளை என்று அது அங்கேயே நின்றது. "இனிமே பிஸ்கட்னு சொல்லாதடி, குக்கி. பேத்தி என்னைப் பார்த்துச் சிரிச்சிடக் கூடாதில்ல?" என்று நடக்கும்போதும் உட்காரும்போதும் புதுச் சொற்களை உருப்போட்டாள். பென்சில் ஆறு மாதம் அந்த அறையில் எப்படித் தனியாக உட்காருவது என்று நினைத்துப் பார்த்து, நினைக்காமல் இருப்பதே மேல் என்று விட்டுவிட்டாள்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

பயணங்களைப் பற்றிய சிறுவர் புத்தகம் அன்றைக்கு. பென்சிலின் முழுக் கவனமும் டிராவலரின் ஒற்றை 'எல்'லில் இருந்தது. மென்பொருள் சில இடத்தில் கழற்றியிருந்தது, சில இடத்தில் மறந்திருந்தது. ரேடியோ வழக்கம்போல ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்துக்கொண்டு வந்தாள். கப்பலில் பயணிகள் ஏறினார்கள், கமா, கையசைத்தார்கள், ஃபுல்ஸ்டாப். அதே குரலில், ஒரு மூச்சுகூட ஏறாமல் இறங்காமல், "என் பொண்ணு என்னை வர வேணாம்னுட்டா, கமா, நான் வந்தா அவளுக்கு வசதிப்படாதாம், ஃபுல்ஸ்டாப்" என்றாள்.

பென்சிலின் காதில் இங்கிலீஷுக்கு நடுவே தமிழ் விழுந்தது. விளையாட்டு என்று காது முடிவு கட்டிவிட்டது. கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல், சிரித்துக்கொண்டே ஒரு தட்டுத் தட்டி, "பேப்பர்ல இல்ல!" என்றாள்.

எதிர்ப்பக்கம் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. "பாரா," என்றாள் ரேடியோ. சாயந்தரம்வரை ஒரு தப்பும் இல்லாமல் வாசித்தாள்.

இது எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள் அந்த மேஜையில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எழுத்தைப் பார்க்கிறவள் அர்த்தத்தைப் பார்த்தால் வேலை கெட்டுவிடும். சொல்லை உரித்த உருளைக்கிழங்கு மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தள்ளிவிட வேண்டியதுதான். அர்த்தம் பிறகு வரும், வந்தால். பென்சிலுக்கு அது சாயந்தரம் படியிறங்கும்போது, முதல் மாடித் திருப்பத்தில் வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். வர வேணாம்னுட்டா. வசதிப்படாதாம். ரேடியோ அதற்குள் போய்விட்டிருந்தாள். பென்சில் போனைக் கையில் எடுத்தாள். போனில் என்னவென்று பேசுவது, நாளைக்கு நேரில் பேசிக்கொள்ளலாம் என்று பையில் போட்டாள். அவளுடைய வாழ்க்கையில் திருத்த முடியாத பிழை ஒன்று உண்டென்றால் அந்தப் போனைப் பையில் போட்டதுதான். அதற்குச் சிவப்புப் பென்சில் கிடையாது.

மறுநாள் சீக்கிரமே வந்து, கீழே கடையில் இரண்டு டீ வாங்கி மேஜையில் வைத்துக் காத்திருந்தாள். ரேடியோ வந்தாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள்.

"ஆரம்பிக்கலாங்களா?" என்றாள்.

ரேடியோ அவளிடம் அதற்கு முன் 'ங்க' போட்டதே இல்லை. பென்சில் டீயை அவள் பக்கம் தள்ளினாள். "அக்கா, நேத்து நீங்க சொன்னது..."

"பக்கம் நாப்பது, மேலேர்ந்து ரெண்டாவது பாரா, கேப்பிட்டல்," என்று ரேடியோ ஆரம்பித்துவிட்டாள். டீ ஆறி ஆடை படிந்தது. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கணக்குப் பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் பென்சில் படிக்கட்டில் மறித்து, "அக்கா, ஒரு நிமிஷம்" என்றதற்கு, "பஸ் போயிடுங்க" என்று விலகிப் போனாள்.

பென்சிலும் லேசுப்பட்டவள் இல்லை. கொஞ்ச நாள் பின்னாலேயே அலைந்தாள். பிறகு அவளுக்கும் ரோஷம் வந்தது. இருபது வருஷப் பழக்கத்தில் ஒரு தடவை காது கோட்டை விட்டதற்கு இப்படியா, நானும் மனுஷிதானே, வாயைத் திறக்க விட்டால்தானே மன்னிப்புக் கேட்க முடியும் என்று அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள், ஒரு மேஜை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி 'டூ' விட்டுக்கொண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மாறி உட்காரலாம். இங்கே ஒருத்தி நாள் முழுக்க வாசிக்க வேண்டும், மற்றவள் நாள் முழுக்கக் கேட்க வேண்டும். அது சம்பளத்துக்கான வேலை.

மாதங்கள் போயின. பென்சிலின் காதில் காலையிலிருந்து மாலைவரை அந்தக் குரல் விழுந்துகொண்டே இருந்தது, அதில் ஒரு சொல்லும் அவளுக்கில்லை. யாரும் இல்லாத வீட்டில் இருப்பதைவிட இது மோசம். வீட்டிலாவது யாரும் இல்லை என்று தெரியும். ஊதாப் பெட்டி மூலையில் நின்றது. அதன்மேல் திருத்திய தாள்களை அடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் அடுக்கியது ரேடியோதான். ஆபீஸில் யாராவது, "எப்ப ஃபிளைட்டுக்கா?" என்று கேட்டால், "பேத்திக்கு ஸ்கூல் லீவு விடட்டும்" என்பாள். லீவு விட்டு, லீவு முடிந்து, கேட்கிறவர்களும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். உண்மையை அவள் இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னாள் என்பது பென்சிலுக்குத் தெரியும்.

ஒருநாள் மேனேஜர் உள்ளே வந்து, மேஜை முனையில் சாய்ந்துகொண்டார். நல்ல செய்தி சொல்கிறவர் முகத்தோடு வந்தார்.

"உங்க ரெண்டு பேர் புண்ணியத்துல சாஃப்ட்வேர் நல்லாத் தேறிடுச்சு. நீங்க போட்ட ஒவ்வொரு திருத்தத்தையும் அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டோம். இந்தத் தோட்டப் புத்தகத்தோட சேர்ந்து வாசிக்கிற வேலை முடிஞ்சுது. அப்புறம் ஒருத்தர் ஸ்க்ரீன்ல பார்த்தாப் போதும்."

"ஒருத்தர்னா?" என்றாள் பென்சில்.

"நீங்கதான். அக்காவுக்கு விற்பனைப் பிரிவுல, போன் எடுக்கிற மாதிரி..."

"வேணாங்க சார்," என்றாள் ரேடியோ. "நான் என் தங்கச்சி ஊருக்குப் போயிடலாம்னு இருக்கேன். அவளும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. புத்தகம் முடியுற அன்னைக்குக் கணக்கை முடிச்சிருங்க."

அவள் ஊரை விட்டே போகப்போகிறாள் என்பது பென்சிலுக்கு இப்படித்தான் தெரிந்தது, மேனேஜருக்குச் சொன்ன பதிலில், மேஜைக்குக் குறுக்கே. கையிலிருந்த பென்சிலின் முனை தாளில் அழுந்தி உடைந்தது.

தோட்டப் புத்தகம் தடிமனான புத்தகம் இல்லை. பென்சில் அதை எடைபோட்டுப் பார்த்தாள். எவ்வளவு இழுத்தாலும் பத்து நாள் தாங்காது. அந்தப் பத்து நாளுக்குள் பேசிவிட வேண்டும், இல்லையென்றால் இந்த ஜென்மத்துக்கும் பேசப்போவதில்லை. தினமும் காலையில் அதற்கென்று ஒரு வாக்கியத்தைத் தயார்செய்துகொண்டு வருவாள். ரேடியோ கண்ணாடியைத் துடைத்து மாட்டியதும் வாக்கியம் கரைந்துபோகும்.

நாலாவது அத்தியாயத்தில் மென்பொருள் தன் வேலையைக் காட்டியது. பிரிட்டிஷ்காரர்கள் தண்ணீர்க் குழாயை 'டேப்' என்கிறார்கள், அமெரிக்கர்கள் 'ஃபாஸெட்' என்கிறார்கள். மேனேஜர் மெச்சிய அந்த மேதாவி, புத்தகம் முழுக்க டேப் என்று எங்கெங்கே பார்த்ததோ அங்கெல்லாம் ஃபாஸெட் போட்டுவிட்டது. தட்டுவதற்கும் இங்கிலீஷில் அதே டேப்தான், ஆணிவேரும் டேப்ரூட்தான் என்பது அதற்குத் தெரியவில்லை. 'தொட்டியின் அடியில் மெல்லத் தட்டவும்' என்று இருந்த இடத்தில் இப்போது 'தொட்டியின் அடியில் மெல்லக் குழாயவும்' என்று நின்றது. ஆணிவேர் குழாய்வேர் ஆகியிருந்தது. 'கேரட்டுக்கு நீளமான குழாய்வேர் உண்டு' என்று படம் வேறு.

ரேடியோ பழைய புத்தகத்தில் உள்ளபடி வாசித்தாள். பென்சில் ஒரு தட்டுத் தட்டினாள். ரேடியோ நிறுத்தினாள். என்ன தப்பு என்று பென்சில் சொல்ல வேண்டும், அதுதான் முறை. தாளில் இருப்பதை வாய்விட்டு வாசித்தாள். வாசித்து முடிக்கும்போது அவள் குரல் உடைந்து ஒரு கனைப்பு வந்தது. எதிர்ப்பக்கமும் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. ரேடியோ சிரிப்பை அடக்கும்போது வருகிற சத்தம் அது, இருபது வருஷமாகத் தெரிந்த சத்தம்.

"திருத்திட்டீங்களா?" என்றாள் ரேடியோ. "மேல போலாங்களா?"

அன்று சாயந்தரம் எல்லோரும் போன பிறகு பென்சில் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தாள். இதைத் திருத்தாமல் விட்டால் என்ன? குழாய்வேர் அப்படியே அச்சாகி, அமெரிக்காவில் யாராவது கைகொட்டிச் சிரித்து, மேனேஜருக்கு மெஷின்மேல் நம்பிக்கை போய், 'அம்மா, இன்னும் ஒரு வருஷம் ரெண்டு பேரும் வாசிங்க' என்று வந்து நிற்பார். ரேடியோ போக மாட்டாள். அவள் அழிப்பானைக் கையில் எடுத்தாள், தான் போட்ட சிவப்புக் குறிமேல் வைத்தாள். கை நகரவில்லை. பிழையை விட்டுவிடுகிற கை அவளுக்கு வாய்க்கவில்லை. அதோடு, வேலை நீண்டால் என்ன கிடைக்கும்? இன்னும் ஒரு வருஷம் இதே மௌனம். தாளை அடுக்கில் வைத்துவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டு போனாள்.

கடைசி நாள் மழை. ரேடியோ நனைந்தபடி வந்தாள். முந்தின நாளே கரகரப்பாக இருந்த தொண்டை இப்போது முழுக்கக் கட்டிக்கொண்டுவிட்டது. ஊதாப் பெட்டிமேல் இருந்த தாள்களை எடுத்து அலமாரியில் வைத்தாள், பெட்டியைத் திறந்தாள், மேஜை இழுப்பறையில் இருந்த டம்ளர், குடை, பழைய கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் உள்ளே போட்டாள். கடலைத் தாண்ட வாங்கிய பெட்டியில் ஒரு மூலைகூட நிறையவில்லை. பிறகு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

பழைய புத்தகத்தை மேஜைமேல் இந்தப் பக்கம் தள்ளினாள். கையை நீட்டிச் சிவப்புப் பென்சிலைக் கேட்டாள்.

"நானா வாசிக்கணும்?"

ரேடியோ தலையாட்டினாள்.

இத்தனை வருஷத்தில் பென்சில் ஒருநாளும் வாசித்ததில்லை. ரேடியோ லீவு போட்டால் அன்றைக்கு வேறு வேலை பார்ப்பார்கள். இப்போது புத்தகத்தைக் கையில் பிடித்ததும் சிவப்புப் பென்சில் இல்லாத விரல்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. கமாவை விழுங்கினாள், கேப்பிட்டலை மறந்தாள், மூச்சு எங்கே விடுவதென்று தெரியாமல் வரி நடுவில் தவித்தாள். ரேடியோ ஒரு தட்டுத் தட்டுவாள், பென்சில் திரும்ப வாசிப்பாள், இரண்டு தட்டு வரும், மேலே போவாள். இவ்வளவு கஷ்டமான வேலையையா இந்தப் பெண்பிள்ளை ஜோக்கடித்துக்கொண்டே செய்தாள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாசிக்கும்போது எதிரே இருப்பவளின் உச்சந்தலை மட்டும்தான் தெரியும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இருபது வருஷமாக ரேடியோ பேசியது ஓர் உச்சந்தலையிடம்.

மதியம் தாண்டியது. குளிர்காலத்துக்குச் செடிகளைத் தயார்செய்வது எப்படி என்ற கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பக்கம். வேர்களின்மேல் காய்ந்த இலைகளைப் போர்த்தவும், கமா, பிறகு வசந்தம்வரை அவற்றைத் தொந்தரவு செய்யாதீர்கள், ஃபுல்ஸ்டாப். அதற்குக் கீழே வெள்ளைத்தாள்தான்.

எதிரே இரண்டு தட்டுக் கேட்டது.

பென்சில் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெள்ளை இடத்தைப் பார்த்தபடி, அதே வாசிக்கிற குரலில், "அன்னைக்கு நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு, கமா, மனசுல விழல, ஃபுல்ஸ்டாப்" என்றாள். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் தொடங்கியாகிவிட்டது. "படி எறங்கும்போதுதான் புரிஞ்சுது, கமா, அப்பவே ஓடி வந்திருக்கணும், கமா, வரல, ஃபுல்ஸ்டாப். பாரா. அவ்வளவு பெரிய விஷயத்தை நீங்க என்கிட்ட மட்டும்தான் சொன்னீங்க, கமா, நான் சிரிச்சேன், ஃபுல்ஸ்டாப். அதுக்கப்புறம் எனக்கும் ரோஷம், கமா, வெக்கம், கமா, எல்லாம் சேர்ந்து வாயை அடைச்சிருச்சு, ஃபுல்ஸ்டாப். பாரா. இந்த ரூமை விட்டா எனக்குப் பேச ஆள் கிடையாது, கமா, அது உங்களுக்குத் தெரியும், ஃபுல்ஸ்டாப்."

அதற்கு மேல் வரி இல்லை. மழை ஜன்னல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த அறையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பேப்பர்ல இல்ல என்று இப்போது வரும், வரட்டும், அது நியாயம்தான் என்று பென்சில் காத்திருந்தாள். அது வந்தால்கூடப் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ஒரு தட்டு விழுந்தது. தப்பு, நிறுத்து.

பென்சிலுக்கு எல்லாம் முடிந்துபோன மாதிரி இருந்தது. புத்தகத்தை மூடப்போனாள்.

"சரியா கேக்கல," என்று எதிர்ப்பக்கமிருந்து ஒரு கரகரப்பு வந்தது. ஒவ்வொரு சொல்லையும் அடித் தொண்டையிலிருந்து கையால் தூக்கி வைத்த மாதிரி வந்தது. "திரும்ப வாசிடி."

"எந்த... எந்த வரியிலேர்ந்துக்கா?"

"முதல்லேர்ந்து." ரேடியோ எச்சில் விழுங்கினாள். "கமா எல்லாம் வேணாம்."

பென்சில் புத்தகத்தை மூடினாள். தலையைத் தூக்கினாள். சிவப்புப் பென்சில் தாளின்மேல் உருண்டு கிடந்தது. ரேடியோ கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் முழுக்க நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று பென்சிலுக்குத் தெரியவில்லை.

"அக்கா," என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவளுக்கு வாசிக்க வரவில்லை.

ரேடியோ கையை நீட்டி, வார்னிஷ் போன அந்த மூலையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.